மணிக்கூட்டுச் சத்தத்தை நான் அழித்தேன்

போன மாதம் யூனியன்வில்லில் உங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தபோது உங்களில் ஒருவருடன் நான் சத்தம் போட்டுவிட்டு எழும்பிப் போனேன். அதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. ஏன் சத்தம் போட்டேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஒரு வயதான அம்மாவின் நேர்காணலை நீங்கள் செப்பம் செய்துகொண்டிருந்தீர்கள். அவர் ஆறுதலாக, மெதுமெதுவாகக் கதைக்கிறார், இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமை இல்லை என்று வேகத்தைக் கூட்டினீர்கள். கூட்டினால் குரல் கீச்சிடும் என்று சுருதியைத் தனியாகக் குறைத்தீர்கள். மூச்சு விடுகிற இடங்களை வெட்டினீர்கள். பிறகு அதையே பழைய கோப்பின் மேல் சேமித்தீர்கள். மூலம் எங்கே என்று கேட்டேன். "இதுதான் அன்ரி நல்லா இருக்குது, மற்றது தேவையில்லை" என்றீர்கள்.

தேவையில்லை. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு இரத்தம் கொதிக்கும். ஏனென்றால் அதே சொல்லை, அதே மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ஒருநாள் நானும் சொன்னேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், சாறிக் கடைக்கு மேலே, எங்கள் ஸ்ரூடியோ இருந்தது. ஸ்ரூடியோ என்று சொல்வது மரியாதைக்கு. இரண்டு அறை, சுவரில் ஒட்டிய பழைய கம்பளம், யன்னலில் அடைத்த மெத்தை. வானொலி விளம்பரம், கலியாண வீடியோவுக்குப் பாட்டு, மரண அறிவித்தல், அரங்கேற்றத்துக்கு அறிவிப்பு, எல்லாம் அங்கேதான் நடந்தது. முதலாளியும் நானும்தான் ஆட்கள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் வீணாக்கக் கூடாது என்கிற மனிதர். பழைய கசெற்றின் மேல்விளிம்பில், பதிந்தது அழியாமலிருக்க உடைத்து வைத்த ஓட்டையை ஒட்டுத்தாளால் மூடி, அதில் திரும்பவும் பதிவு செய்வதில் அவருக்கு ஈடு இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு வெற்றுக் கசெற்றுக்காக ஊர் முழுக்க அலைந்த ஆட்கள் நாங்கள். அந்தப் பழக்கம் ரொறன்ரோவுக்கு வந்தும் விடவில்லை.

கொம்பியூற்றரில் ஒலியை வெட்டி ஒட்டுகிற வசதி வந்த புதிது. அதுவரை ரேப்பில்தான் வேலை. ரேப்பை வேகமாக ஓட்டினால் குரல் மெலிந்து மேலே போகும், மெதுவாக ஓட்டினால் தடித்துக் கீழே வரும். வேகமும் சுருதியும் ஒன்றாகத்தான் போகும், ஒன்றாகத்தான் வரும். கொம்பியூற்றர் அந்த இரண்டையும் பிரித்துக் கொடுத்தது. வேகத்தைத் தொடாமல் சுருதியை இறக்கலாம், சுருதியைத் தொடாமல் வேகத்தை ஏற்றலாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நிமிட மரண அறிவித்தலை முப்பது செக்கனுக்குள் அடக்கிக் காட்டினேன். செத்தவரின் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஓட்டப் பந்தயம் ஓடுகிற மாதிரிப் போய்விட்டார்கள். முதலாளி கெட்டிக்காரி என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைக்கவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

அந்த நாட்களில்தான் பவானியக்கா படியேறி வந்தார். பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் பெட்டி அடுக்குகிற வேலை. விடியப்புறம் வான் வந்து ஏற்றிக்கொண்டு போகும், பின்னேரம் கொண்டுவந்து விடும். அவர் மட்டும் முதலில் கனடாவுக்கு வந்து அகதியாக ஏற்கப்பட்டவர். கணவர் யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டார். பிறகு ஒருவழியாகக் கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் இருந்தார். அக்கா அவரை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் செய்திருந்தார். கலியாணம் உண்மையானதுதானா, இத்தனை வருடமும் தொடர்பு இருந்ததா என்று காட்டச் சொல்லிக் குடிவரவு அதிகாரிகள் கேட்டிருந்தார்கள். கடிதங்களில் பாதி வழியில் தொலைந்துவிட்டன. மிஞ்சியது அவர் பேசி அனுப்பிய கசெற்றுகள். பவானியக்கா மூன்று கசெற்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒவ்வொன்றிலும் 'பவானிக்கு' என்று எழுதி இலக்கம் போட்டிருந்தது.

அந்தக் கசெற்றுகள் எப்படிப் பதிவானவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். போர் நேரம், யாழ்ப்பாணத்தில் அப்போது கரண்ட் இல்லை. பற்றறி கொண்டுபோக அரசாங்கம் தடை போட்டிருந்தது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேப் ரெக்கோடருக்குக் கொடுத்து, மிதித்து மிதித்துத்தான் செய்தி கேட்டார்கள், பாட்டுக் கேட்டார்கள். பவானியக்காவின் கணவர் அப்படித்தான் பேசி அனுப்பியிருந்தார். தானே சைக்கிளில் ஏறியிருந்து மிதித்துக்கொண்டே கதைத்திருக்கிறார். மிதி தளர்ந்தால் ரெக்கோடர் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றிப் பதிந்ததை இங்கே ஒழுங்கான வேகத்தில் போட்டுக் கேட்டால் அந்த இடம் மட்டும் வேகமாகி, குரல் குருவிக் குரலாகிவிடும். மிதி கூடினால் குரல் திரும்பவும் இறங்கி வரும். ஒரு வசனத்துக்குள்ளேயே மூன்று ஆட்கள் கதைப்பது போல இருந்தது. மொழிபெயர்க்க இருந்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்குகிற மாதிரி ஆக்கித் தரச் சொல்லி லோயர் அனுப்பியிருந்தார்.

எனக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. கீச்சிட்ட இடங்களையெல்லாம் சுருதியை இறக்கிச் சமப்படுத்தினேன். சமப்படுத்திய பிறகும் குரல் மெல்லிசாகத்தான் இருந்தது. ஓர் ஆண்பிள்ளையின் குரல் இப்படி இருக்காது, எல்லா இடமும் கொஞ்சம் வேகமாகித்தான் பதிந்திருக்கிறது என்று நானே தீர்மானித்தேன். யாரையும் கேட்கவில்லை. முழுவதையும் இன்னும் இறக்கினேன். வானொலியில் செய்தி வாசிக்கிறவரின் குரல் மாதிரிக் கம்பீரமாக வந்தது. பின்னால் டைனமோ இரைச்சல், அதைக் குறைத்தேன். கூடவே டிக் டிக் என்று ஒரு சுவர் மணிக்கூடு. பழைய இசைத்தட்டின் கீறல் சத்தத்தை எடுக்கவென்று ஒரு வசதி இருந்தது. அதைக் கொண்டு மணிக்கூட்டை முழுக்கத் துடைத்து எடுத்தேன். இரண்டு நாள் வேலை. அந்த இரண்டு நாளும் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பவானியக்காவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டார். கேட்டு முடிய மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, இது இவரின்ரை குரல் இல்லை."

சரியாக இறங்கியிருக்கிறதா, கூட இறங்கிவிட்டதா என்று கேட்டிருக்க வேண்டும். அவரோடு பல வருடம் வாழ்ந்த மனிசி. உலகத்தில் அந்தக் குரலுக்குச் சாட்சி சொல்லத் தகுதியான ஒரே ஆள் என் முன்னால் இருக்கிறார். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கேளுங்கள்.

"அக்கா, நீங்கள் ஆறு வருசமாப் பிழையா ஓடின ரேப்பைத்தான் கேட்டிருக்கிறியள். அவரின்ரை உண்மையான குரல் உங்களுக்கு மறந்துபோச்சுது."

ஒரு பெண்ணிடம், புருசனின் குரல் உனக்கு மறந்துபோயிற்று என்று சொன்னேன். அவருடைய முகம் எப்படி மாறியது என்று இப்போதும் தெரியும். அவர் சண்டை பிடிக்கவில்லை. "நீங்கள் படிச்சனீங்கள், உங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நான் செய்த புதிய கசெற்றை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார். என்னைக் கன்னத்தில் அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் முதலாளி அறைக்குள் எட்டிப் பார்த்தார். அந்த மூன்று பழைய கசெற்றும் மேசை ஓரத்தில் கிடந்தன. வேலை முடிந்ததுதானே, இவை இனித் தேவையோ என்று கேட்டார். நான் காதிலிருந்து ஹெட்போனைக்கூடக் கழற்றவில்லை. தேவையில்லை என்றேன்.

கொம்பியூற்றரிலும் இடம் இல்லை. அந்தக் காலத்து வன்தட்டு உங்கள் கைத்தொலைபேசியில் ஒரு மூலைக்குக் காணாது. கசெற்றிலிருந்து எடுத்த மூலப் பதிவையும் அன்றைக்கே அழித்துவிட்டுச் சாறிக் கடை விளம்பரத்தைத் தொடங்கினேன்.

சில மாதம் கழித்துப் பவானியக்கா திரும்ப வந்தார். வேலை உடுப்போடு, பிறம்ரன் வானிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தார். கையில் ஒரு கடிதம். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. கொழும்பில் கணவரின் நேர்முகம் முடிந்து விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். காரணம் இரண்டு. ஒன்று, கசெற்றில் இருக்கிற குரல் விண்ணப்பித்தவரின் குரல் இல்லை. முன்னால் இருந்த மனிதர் மெல்லிய, உயர்ந்த குரலில் கதைத்தார். கசெற்றில் கதைத்தவர் தடித்த குரல்காரர், அத்தோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்து வாசித்தது போலப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. இரண்டாவது, இடையில் எட்டு மாதம் பவானியக்கா ஒரு கடிதமும் போடவில்லை.

"ஊரில இவரைப் பொம்பிளைக் குரல் எண்டுதான் பகிடி பண்ணுறவை" என்றார் பவானியக்கா. "அதைச் சொல்ல எனக்கு அண்டைக்கு வெக்கமாக் கிடந்தது. நீங்களும் சிரிப்பீங்களெண்டு நினைச்சன்."

நான் அந்த அறிவிப்பாளர் குரலை அந்த மனிதருக்குப் பூட்டி அனுப்பியிருக்கிறேன். கடிதம் எழுதிய அதிகாரி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் காது வைத்துக் கேட்டிருக்கிறார். நான் கேட்கவில்லை.

மேல்முறையீடு செய்யலாம் என்று லோயர் சொல்லியிருந்தார். மூலக் கசெற்றுகளையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பவானியக்கா அவற்றைக் கேட்டார். நான் அலுமாரிக்குப் போனேன். விளம்பரக் கசெற்றுகள் அடுக்கியிருந்த பெட்டிக்குள் அவற்றைக் கண்டேன். 'பவானிக்கு – 2' என்று அவருடைய கணவரின் கையெழுத்து. அதை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு மேலே முதலாளியின் கையெழுத்து: தீபாவளி மலிவு விற்பனை. மேல்விளிம்பு ஓட்டையில் ஒட்டுத்தாள். மூன்றும் அப்படித்தான்.

கீழே சாறிக் கடை வாசலில் நின்ற முதலாளியிடம் ஓடிப்போய்க் கத்தினேன். வாங்க வந்த சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தங்கச்சி, நான் கேட்டனான்தானே. நீர்தான் தேவையில்லை எண்டனீர்" என்றார். அவர் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்தைப் பிடித்து இழுத்தால் மற்ற நுனி என் கையில்தான் வந்து நிற்கிறது.

மேலே வந்து பவானியக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். மூன்றும் போய்விட்டன, அழிக்கச் சொன்னது நான்தான் என்றேன். அவர் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

இரண்டு கிழமையாக நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை என்று எழுத மாட்டேன். சாப்பிட்டேன், விளம்பரம் வெட்டினேன். ஆனால் ஒரு மரண அறிவித்தலை வேகப்படுத்தச் சொன்னபோது மாட்டேன் என்றேன். முதலாளியே வேகப்படுத்திக்கொண்டார்.

பவானியக்கா மூன்றாம் தரம் வந்தபோது மதியச் சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து நாலாவது கசெற்றை எடுத்தார்.

"இதை நான் லோயருக்கும் காட்டேல்லை, ஒருத்தருக்கும் காட்டேல்லை. இதில என்னை ஏசுறார்."

விசயம் இதுதான். பவானியக்காவுக்கு வானில் பின்னுக்கு இருந்தால் வாந்தி வரும். அதனால் சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் இருந்து பிறம்ரனுக்குப் போய்வந்தார். அதை யாரோ ஒரு புண்ணியவான் ஊருக்குக் கடிதமாக எழுதிப் போட்டிருக்கிறார். உன்ரை மனிசி இஞ்ச ஒருவனோடை முன் சீற்றிலை திரியிறாள் என்று. இடம்பெயர்ந்து, பங்கருக்குள் கிடந்து, ஒரு தீப்பெட்டிக்கே அலைகிற ஊருக்கு, இங்கே சூட்டுக் காற்று அடிக்கிற வீட்டுக்குள் இருந்துகொண்டு முத்திரை ஒட்டி இதை அனுப்பியிருக்கிறான். அவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி அவனுக்குத்தான்.

கணவர் அதை நம்பிவிட்டார். கசெற் முழுக்க ஏச்சு. "ஏசினது பரவாயில்லை" என்றார் பவானியக்கா. "ஏசிப்போட்டுக் கடைசியில சிரிக்கிறார். என்னை நினைச்சு நக்கலாச் சிரிக்கிறார். அதை என்னால தாங்கேலாமப் போச்சுது. அதுதான் எட்டு மாதம் கடிதம் போடேல்லை."

இந்த ஒரு கசெற்தான் மிச்சம் என்பதால் அதைக் கொடுக்கிறார். தன் புருசன் தன்னைக் கேட்கக் கூடாத கேள்வியெல்லாம் கேட்டதை அந்நிய ஆட்கள் மொழிபெயர்த்து வாசிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தே கொடுக்கிறார். நீங்கள் மட்டும் கேளுங்கள், உங்கட முதலாளி அண்ணை வேண்டாம் என்றார்.

கேட்டேன். அவர் சொன்னது சரி. முதல் பக்கம் முழுக்கக் கோபம். கோபத்தில் நன்றாக மிதித்திருக்கிறார், குரல் அவ்வளவாக ஆடவில்லை. கடைசிப் பகுதியில் சொல் விளங்கவில்லை, கீச்சுக் குரல். பிறகு கிகிகி என்று விட்டுவிட்டு ஒரு சிரிப்பு. எனக்கும் அது சிரிப்பாகத்தான் கேட்டது.

இந்தத் தரம் எதையும் தொட எனக்குப் பயம். எவ்வளவு இறக்குவது, எங்கே நிறுத்துவது? என் காதை நான் நம்பவில்லை. பவானியக்காவும் தன் காதை நம்பாமல் செய்துவிட்டேன். வேறொரு சாட்சி வேண்டும். இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் போட்டேன். மூன்றாம் நாள்தான், நான் முதல் தடவை குப்பை என்று துடைத்தெறிந்த சத்தம் காதில் விழுந்தது. பின்னால் அந்தச் சுவர் மணிக்கூடு. குரல் கீச்சிடுகிற இடத்தில் அதுவும் அவசரமாக அடித்தது. குரல் இறங்கினால் அதுவும் ஆறுதலானது.

வெயர்ஹவுஸில் மதிய இடைவேளை நேரம் பார்த்துப் பவானியக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். உங்கள் வீட்டில் ஒரு மணிக்கூடு இருந்ததா என்று கேட்டேன். அது அவருடைய அப்பா கொடுத்த மணிக்கூடு, சாவி கொடுத்து ஓடுவது. திருத்தக் கொடுத்து எடுக்கும்போதெல்லாம் அப்பா தன்னுடைய கைக்கடிகாரத்தைப் பிடித்துச் சரிபார்த்துத்தான் வாங்குவார். செக்கனுக்கு இரண்டு அடி.

மனிதன் பொய் சொல்வான். நான் என்னையறியாமலே பொய் சொல்லியிருந்தேன். அந்த மணிக்கூடு யார் அழுதாலும் யார் ஏசினாலும் செக்கனுக்கு இரண்டு அடிதான் அடிக்கும்.

ஸ்ரூடியோ திறக்க முன்பே, காலை ஏழு மணிக்குப் போய் இருந்து செய்தேன். அடிக்கு அடி குறி வைத்தேன். அரைச் செக்கனுக்கு ஓர் அடி வருகிற மாதிரி ஒவ்வொரு துண்டையும் நீட்டினேன். வேகத்தையும் சுருதியையும் பிரிக்கவில்லை. பிழை இரண்டும் சேர்ந்து வந்த பிழை, திருத்தமும் இரண்டும் சேர்ந்துதான் போக வேண்டும். பிரிக்கிற வசதி கையில் இருக்கிறது என்பதற்காக முதல் தரம் பிரித்தேன் பாருங்கள், அதுதான் மடத்தனம். நன்றாக மிதித்த இடங்களில் மணிக்கூடு ஏற்கனவே சரியாக அடித்தது. அங்கே நான் தொட ஒன்றுமே இல்லை. அங்கே கேட்டது அவருடைய உண்மையான குரல். மெல்லிய குரல்தான். பவானியக்கா சொன்ன குரல்.

பத்து நாள் எடுத்தது. கடைசித் துண்டு அந்தச் சிரிப்பு. அங்கே மணிக்கூடு செக்கனுக்கு மூன்றுக்கும் மேலே அடித்தது. அதாவது ரெக்கோடர் பாதிக்குச் சற்று மேலான வேகத்தில்தான் சுற்றியிருக்கிறது. அடிகளைப் பிடித்து இழுத்து இரண்டுக்குக் கொண்டுவந்தேன். போட்டுக் கேட்டேன். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழும்பிப்போய் நின்றேன்.

சனிக்கிழமை பவானியக்கா வந்தார். முதலாளியை வெளியே போகச் சொல்லிவிட்டுப் போட்டேன். ஏச்சு முழுவதையும் அவர் அசையாமல் இருந்து கேட்டார். குரல் வந்த உடனேயே ஓம் என்று தலையாட்டினார். கடைசிப் பகுதி வந்தது. இதுவரை கீச்சுக் குரலில் விளங்காமல் போன வசனம் இப்போது விளங்கியது. நீ இல்லாமல் என்னாலை இருக்கேலாது, நீ அங்கையே நில், இஞ்ச வந்திடாதை என்று சொல்கிறார். அதற்குப் பிறகு அந்தச் சத்தம். அது சிரிப்பு இல்லை. ஒரு மனிதன் மூச்சு வாங்கி வாங்கி அழுகிற சத்தம்.

பவானியக்கா கத்தவில்லை. இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். இன்னொரு தரம் என்றார். நாலாம் தரம் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். எட்டு மாதம் அந்த மனிதர் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறார். இவர் இங்கே பிறம்ரனில் அந்தச் சிரிப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டு பெட்டி அடுக்கியிருக்கிறார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. போர் நடத்தினவர்கள் மேலா, பற்றறியைத் தடுத்தவர்கள் மேலா, கடிதம் எழுதினவன் மேலா.

மேல்முறையீட்டில் மூலக் கசெற்றைக் கொடுத்தோம். திருத்தியதையும் கொடுத்தோம். எந்த இடத்தில் என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று துண்டு துண்டாக எழுதிக் கொடுத்தேன். முதல் கசெற்றைக் கெடுத்தது நான்தான் என்பதையும் எழுதினேன். அதை எழுத வேண்டாம், ஸ்ரூடியோவின் பெயர் கெட்டுவிடும் என்று முதலாளி சொன்னார். எழுதினேன். விசாரித்தவர் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார், இந்தத் தரம் உங்களை ஏன் நம்ப வேண்டும் என்று. என்னை நம்ப வேண்டாம், மணிக்கூட்டை எண்ணுங்கள் என்றேன். அவர் உண்மையிலேயே தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். எட்டு மாத மௌனத்துக்குக் காரணமும் அந்தக் கசெற்றிலேயே இருந்தது. பொய்யாகக் கலியாணம் செய்தவர்கள் இப்படிச் சண்டை பிடிக்க மாட்டார்கள் என்று லோயர் சொன்னாராம்.

வென்றோம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. மறுத்த நாளிலிருந்து அவர் இங்கே வந்து இறங்கப் பதினாலு மாதம் ஆயிற்று. அந்தப் பதினாலு மாதமும் கொழும்பு லொட்ஜில் இருந்தார். இரண்டு தரம் பொலிசார் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் தரம் மூன்று கிழமை வைத்திருந்தார்கள். என்ன செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஒழுங்காகச் செய்திருந்தால் அந்தப் பதினாலு மாதமும் அவர் இங்கே இருந்திருப்பார். அந்தக் கணக்கு என்னுடையது. ஒரு சுருதி, ஒரு வேகம், ஒரு தேவையில்லை.

வந்து ஒரு மாதத்தில் இரண்டு பேரும் ஸ்ரூடியோவுக்கு வந்தார்கள். படியில் ஏறும்போதே குரல் கேட்டது. ஆளைப் பார்க்க முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மெல்லிய, உயர்ந்த குரல், நான் பத்து நாள் இழுத்த அதே குரல். மெலிந்த, தலை நரைத்த மனிதர். என்னைப் பார்த்து, "எனக்கு ஆம்பிளைக் குரல் வைச்சது நீங்களோ" என்று கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார். ஓம் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அது அவருடைய உரிமை.

தான் பேசி அனுப்பியது இங்கே எப்படிக் கேட்டது என்று தெரிய அவருக்கு ஆசை. திருத்தாததைப் போடச் சொன்னார். வழக்கு முடிந்து திரும்பி வந்திருந்த நாலாவது கசெற்றைப் போட்டேன். தன்னுடைய ஏச்சைக் கேட்டுக் கூசிப்போய் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தக் கிகிகி வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். இது என்ன, குரங்குக் குட்டியோ என்றார். அவருடைய உண்மையான சிரிப்பை அப்போதுதான் கேட்டேன். சின்னதாக, தொண்டைக்குள் அமுங்கின சிரிப்பு. கசெற்றில் இருந்ததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்த எட்டு மாதத்துக்குக் காரணம் அவருக்கு அதுவரை தெரியாது. கடிதங்கள் வழியில் தொலைந்துபோயின என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். பவானியக்கா சொல்லவில்லை. அப்போதுதான் சொன்னார்.

"இதைக் கேட்டுத்தான் நான் எட்டு மாதம் கடிதம் போடேல்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறீங்களெண்டு நினைச்சன்."

அவருடைய சிரிப்பு நின்றது. கசெற் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, நான் அதை நிறுத்த மறந்துபோனேன். அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். பவானியக்காவைப் பார்க்காமல்தான் பதில் சொன்னார்.

"அழுதுகொண்டு மிதிக்க ஏலாமப் போச்சுது, பவானி."

அந்தக் கசெற் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த தரம் யூனியன்வில்லுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். திருத்தாததைத்தான் போடுவேன்.